கதை சுமக்கும் சபைக்கு முன்னால்

கத்தோலிக்க வாசக ஒழுங்கில் லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத் தொடக்கம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒக்டோபர் மாத ஞாயிறு ஒன்றில் வரும். கடவுளுக்கும் அஞ்சாமல் மனிதரையும் மதிக்காமல் இருந்த நடுவர் ஒருவரிடம் ஒரு கைம்பெண் ஓயாமல் போய் நீதி கேட்கும் உவமை அது. 2019 ஒக்டோபர் 20, 2022 ஒக்டோபர் 16, 2025 ஒக்டோபர் 19 ஆகிய ஞாயிறுகளுக்குரிய பகுதியாக வன்னிப் பங்குகளுக்கும் அது வந்து சேர்ந்தது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் இந்த மூன்று ஞாயிறுகளுக்கும் முந்தியது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி வீதியோரக் கொட்டகையில் இருந்த தாய்மார் பலர் பதில் எதுவும் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

அப்படியொரு ஞாயிறில் பிரசங்கம் வைக்கிற சுவாமியார், விடாமுயற்சிக்கு எந்தக் கதையைச் சொல்வார்? கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு கதைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. தோற்று ஒளிந்திருந்த ஸ்கொட்லாந்து அரசன் ரொபர்ட் புரூஸ், வலை பின்னத் தவறித் தவறிக் கடைசியில் வென்ற சிலந்தியைப் பார்த்துத் திடங்கொண்ட கதை ஒன்று. மின்குமிழுக்காக எடிசன் எத்தனையோ தடவை தோற்ற கதை மற்றது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை போதும். எட்டு வருடமாக வீதியில் இருந்தவளுக்கு முன்னால் சிலந்தியின் கதையை எடுக்க யாருக்கும் வாய் கூசும்.

வன்னியில் பிரசங்கக் கதைகளைப் பற்றி ஆழமாக யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான். இங்கே வாங்கில் இருப்பவர்கள், மேடையில் நிற்பவரிடம் இருப்பதைவிடப் பெரிய கதைகளைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை சொல்லும் தகுதி, முதலில் அவர்களிடம் கதை கேட்டவருக்கே உண்டு. தமிழ்க் கிறிஸ்தவத்தின் நெடிய வரலாற்றைத் திரும்பிப் பார்த்தாலும், மக்களின் மனதில் தங்கிய பிரசங்கங்கள் அப்படிக் கேட்டவர்கள் வைத்தவையாகவே தெரிகின்றன.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். இயேசு பேசியதே பெரும்பாலும் கதையாகத்தான். அந்தக் கதைகளை அவர் தன் முன்னால் நின்றவர்களின் வயலிலிருந்தும் வலையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் எடுத்தார். விதைப்பவன் உவமையைப் பாருங்கள். பாதையிலும் பாறையிலும் முள்ளிலும் விதையைக் கொட்டுகிறவன் என்ன கமக்காரன் என்று பட்டணத்து வாசகருக்குத் தோன்றும். ஜெர்மன் வேதாகம அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், 1947இல் வெளிவந்த தம் நூலில், பாலஸ்தீனத்தில் முதலில் விதையை எறிந்துவிட்டுப் பிறகே உழுவார்கள் என்று விளக்கினார். வன்னிக் கமக்காரருக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு வாய்க்கால்கள் எட்டாத மானாவாரி நிலத்தில், மாரி மழை தொடங்குமுன்னரே காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்து, உழுது மூடிவிட்டு, ஐப்பசிக்காக வானத்தைப் பார்த்திருக்கும் புழுதி விதைப்பு அவர் தலைமுறை தலைமுறையாகச் செய்வது. வரம்பில் விழுந்ததைப் பறவை பொறுக்கும் என்பதும், மேல் மண் மெல்லிதான இடத்தில் முளை கிளம்பிய வேகத்தில் கருகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவரிடம் இந்த உவமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேடையேறுகிற பிரசங்கியின் பேச்சு, உதாரணத் தொகுப்பு நூலைப் புரட்டியவரின் பேச்சைவிட எவ்வளவோ உயிரோடு இருக்கும்.

உவமைகளில் இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. அவை முடிச்சுப் போட்டு முடிவதில்லை. ஊதாரி மகன் கதையில், கோபித்துக்கொண்டு வாசலில் நின்ற மூத்தவன் விருந்துக்குள் போனானா என்பதை லூக்கா சொல்லவே இல்லை. அடுத்து, அவை அதிகாரத்தில் இருப்பவரையும் விட்டுவைப்பதில்லை. இந்த மரபு இயேசுவுக்கும் முந்தியது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் சாகக் கொடுத்த தாவீதிடம், ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையை நாத்தான் சொன்னார். அரசன் கொதித்தெழுந்து தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தத் தீர்ப்பு தனக்கே உரியது என்று அறிந்தான். கேட்பவரின் வாழ்விலிருந்து எடுக்கப்படுவது, கேட்பவரே முடிக்கும்படி விடப்படுவது, வலியவருக்கும் சொல்லப்படுவது என்ற இந்த மூன்றும் பின்வந்த பிரசங்கங்களை உரசிப் பார்க்கும் அளவுகோல்.

தமிழில் இந்த வேலையை முதலில் அச்சேற்றியவர் போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. 1586இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து, மன்னாரிலும் பணிசெய்து, கடற்கரை மக்களின் பேச்சைக் காதால் கற்றவர் அவர். செபங்களும் கட்டளைகளும் மட்டும் போதாது, புனிதர்களின் கதைகளும் வேண்டும் என்று அவர் கண்டதால் தமிழ் உரைநடையின் முதல் அச்சு நூல்களுள் ஒன்று கதைத் தொகுதியாக அமைந்தது. அதே மன்னார்க் கரையில் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களின் கதையோ எந்த அச்சுக்கும் காத்திருக்கவில்லை. அது வாய்வழியாகவே தலைமுறைகளைக் கடந்தது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு இரண்டு விதப் பிரசங்கங்கள் இந்த மண்ணில் அருகருகே நடந்தன. சீர்திருத்த சபைப் போதகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். ஆகவே அவர்கள் எழுதித் தமிழாக்கிய பிரசங்கங்களை ஊர்ச் சட்டம்பியார் ஞாயிறுதோறும் வாசித்தார். வருகைப் பதிவும் உண்டு, வராதவருக்குத் தண்டமும் உண்டு. மறுபுறத்தில், தடைசெய்யப்பட்ட கத்தோலிக்க சபைக்குக் குருமாரே இல்லை. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் வந்து இறங்கிய யோசப் வாஸ் அடிகள், இரவில் வீடுகளுக்குள் திருப்பலி வைத்து, விடியுமுன் இடம் மாறினார். அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழையும் சிங்களத்தையும் ஆழக் கற்று நூல் நூலாக எழுதினார். ஒல்லாந்தர் ஆட்சி போனதும் சட்டம்பியார் வாசித்த பிரசங்கங்களும் போய்விட்டன. கொன்சால்வெஸ் எழுதிய ‘வியாகுல பிரசங்கம்’ மூன்று நூற்றாண்டு ஆகியும் தவக்காலத்தில் நம் கோயில்களில் துயர இராகத்தில் ஒலிக்கிறது. இயேசுவின் பாடுகளை அவர் செத்த வீட்டு ஒப்பாரி கேட்டுப் பழகிய காதுகளுக்கு எழுதினார். மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாய் தமிழ்த் தாயாகவே அழுகிறாள். அதனால்தான் வாசிப்பவரும் சேர்ந்து அழுகிறார்.

வன்னிக்காட்டு ஓரத்தில் அமைந்த மடு மாதா கோயிலின் தோற்றக் கதையும் இதே காலத்தது. ஒல்லாந்தர் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து மாதா சுருபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன குடும்பங்களின் கதை அது. வன்னிக் கத்தோலிக்கரின் மூலக்கதையே ஓர் இடப்பெயர்வுக் கதை என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அதே சுருபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. முந்நூறு வருடம் பிரசங்கத்தில் கேட்ட கதை, கேட்டவர்களின் கண்முன்னாலேயே இன்னொரு முறை நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரசங்கம் என்ற வடிவம் மத எல்லையையே தாண்டியது. யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவரோடு வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிழமைதோறும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடி ஒரு பொருளைப் பற்றிக் கேட்பது என்ற ஒழுங்கை அவர் பாதிரிமாரிடமிருந்து எடுத்துக்கொண்டார். கதைப் பொருளோ இந்த மண்ணில் ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. கோயில்களில் புராண படனம் நடந்தது. வன்னியில் கண்ணகி கதை படிக்கப்பட்டது, கோவலன் கூத்து ஆடப்பட்டது. கத்தோலிக்கக் கரையோரக் கூத்துகளில் ஞானசவுந்தரியும் எண்டிறீக் எம்பரதோரும் விடிய விடிய மேடையேறினார்கள். வன்னிச் சபையின் காது இவற்றால் பழகிய காது. கதையைக் கதையாகக் கேட்கவும், எங்கே அழவேண்டும் என்று அறியவும் அதற்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில் லூக்காவின் கைம்பெண்ணை மறுபடி நினைக்க வேண்டும். நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் அந்தக் கோயிலுக்குச் சைவரும் போவார்கள், கத்தோலிக்கரும் போவார்கள். கணவன்மேல் களவுப் பழிசுமத்திக் கொன்ற அரசனின் வாசலில் ஒற்றைச் சிலம்போடு போய் நின்று நீதி கேட்ட கைம்பெண் கண்ணகி. தன் தீர்ப்புப் பிழை என்று அறிந்த கணமே பாண்டியன் உயிரை விட்டான். லூக்காவின் நடுவருக்கு மனம் மாறவில்லை, தொல்லை தாங்காமல் தீர்ப்புச் சொன்னார். கிளிநொச்சித் தாய்மாருக்கு இன்றுவரை இரண்டுவித நடுவரும் கிடைக்கவில்லை. இந்த மூன்று பெண்களையும் ஒரே பிரசங்கத்தில் நிறுத்திவிட்டு, அதற்குமேல் எதுவும் விளக்காமல் இறங்கிவிடலாம். சபைக்கு விளங்கும்.

தமிழ்ப் பிரசங்கியின் குரல் உலகம் வரை போன காலமும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1908இல் பிறந்த மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ், 1948இல் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தோன்றியபோது அதில் பேசினார். 1968இல் உப்சாலா பேரவையின் தொடக்கப் பிரசங்கத்தை, அதைச் செய்யவிருந்த மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதால், அவரே வைத்தார். நற்செய்தி சொல்வதைப் பற்றி அவர் தந்த சித்திரம் இன்றும் பல மொழிகளில் எடுத்தாளப்படுகிறது: சோறு எங்கே கிடைக்கும் என்று பிச்சைக்காரன் ஒருவன் தன்னைப் போன்ற இன்னொருவனுக்குச் சொல்வதுதான் அது என்றார். பிரசங்கி படியளப்பவர் இல்லை, அவரும் பசித்தவரே என்ற அந்தத் தாழ்மை கதை சொல்லும் முறையையே மாற்றிவிடுகிறது. நிவாரண வரிசையில் நின்ற மக்களுக்கு முன்னால், தானும் அந்த வரிசையில் நின்றவராகப் பேசுவது ஒன்று. வரிசைக்கு வெளியே நின்று அதைப் பற்றிப் பேசுவது வேறு.

உலகக் கதைப் பயணங்களில் வன்னிக்கு மிக நெருங்கியது மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்தில் இருக்கிறது. போர் முடிந்து, பிள்ளைகள் எல்லாரையும் இழந்து விழுந்துகிடக்கும் திருதராட்டிரனுக்கு விதுரன் ஒரு கதை சொல்கிறான். காட்டில் வழிதவறிய ஒருவன் பாழ்ங்கிணற்றில் விழுந்து கொடியில் தொங்குகிறான். அடியில் பாம்பு. மேலே யானை. பற்றியிருக்கும் வேரை வெள்ளை எலியும் கறுப்பு எலியும் அரிக்கின்றன. அந்த நிலையிலும் மேலிருந்து வடியும் தேனைச் சுவைக்க அவன் நாக்கை நீட்டுகிறான். இந்தக் கதை மேற்கே போய், பர்லாம்–யோசபாத் என்ற கிறிஸ்தவக் கதைக்குள் புகுந்தது. புத்தரின் வாழ்க்கைதான் மொழி மொழியாகக் கடந்து போய்க் கிறிஸ்தவப் புனிதர் ஒருவரின் சரிதமாக உருமாறியது. 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜினே தொகுத்த ‘லெஜெண்டா ஔரியா’ அதைச் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பியப் பிரசங்கிகள் பல நூற்றாண்டு அந்தக் கிணற்று மனிதனைக் காட்டிச் சபைகளை எச்சரித்தார்கள். இந்து காவியத்தில் சொல்லப்பட்ட உவமை, பௌத்த வழியில் வந்த சரிதம் ஒன்றின் ஊடாகக் கிறிஸ்தவ மேடையேறியது. கதைகளுக்கு மத வேலி இல்லை என்பதற்கு, இலங்கையில் இருக்கும் நமக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஆனால் ஸ்திரீ பருவம் அந்தக் கதையோடு முடிந்துவிடவில்லை. விதுரன் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் தகப்பனின் துயரம் தீரவில்லை. அதன் பின்னர் காந்தாரியும் மருமக்களும் குருக்ஷேத்திரக் களத்தில் இறங்கி, உடல் உடலாகத் தேடி அடையாளம் கண்டு புலம்பும் பகுதி வருகிறது. காவியம் அதை அவசரப்படுத்தாமல் நின்று கேட்கிறது. போர் முடிந்த நாட்டின் பிரசங்கி இதிலிருந்து ஒன்று கற்கலாம். புலம்பலுக்குரிய நேரத்தைக் கதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. நத்தாருக்கு மறுநாள். திருக்குடும்பத் திருநாளுக்கு அந்த ஆண்டு குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியதைச் சொல்வது. அன்று காலை முல்லைத்தீவுக் கரையில் கடல் ஏறியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியும் தப்ப முடியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பின்வந்த ஞாயிறுகளில், பாவத்துக்குத் தண்டனை என்று உலகின் பல மூலைகளிலிருந்தும் பிரசங்கங்கள் எழுந்தன. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, செத்தவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை இயேசுவே லூக்கா 13இல் மறுத்திருந்தார். இருந்தும் அந்த எண்ணம் சாகவில்லை.

2009இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 10, உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12. புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையிலான அந்த மணல் துண்டில், பங்கருக்கும் தறப்பாளுக்கும் இடையில் மக்கள் அந்த நாட்களைக் கழித்தார்கள். அங்கே அவர்களோடு குருமார் சிலரும் இருந்தார்கள். கடைசிவரை மக்களோடு நின்ற அருட்தந்தை மரியாம்பிள்ளை சரத்ஜீவன் மே 18ஆம் நாள் களைத்து விழுந்து இறந்தார். அதே நாள் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் யோசப், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர், இன்றுவரை திரும்பவில்லை. அதற்கு முந்திய ஆண்டில், 2008 ஏப்ரல் 20 ஞாயிறு, அருட்தந்தை கருணாரத்தினம் கிளைமோரில் கொல்லப்பட்டார். நல்ல ஆயன் உவமைக்கு உதாரணம் தேடுகிறவர் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. அவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு மௌனமாக நின்றாலும் போதும்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னார். அங்கே அவர் உவமை எதையும் எடுக்கவில்லை. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிகள் பதிந்த சனத்தொகை 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஆட்டுக்குட்டிக் கதை சொன்ன நாத்தானின் வேலையை இந்தக் கழித்தல் கணக்கு செய்தது. எப்போது கதை வேண்டும், எப்போது இலக்கம் வேண்டும் என்று அறிவதும் பிரசங்கியின் பொறுப்பே.

இந்த நீண்ட பின்னணியில், இன்றைய வன்னிப் பிரசங்கங்களுக்கு நான்கு ஆபத்துகள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, பொய்க் கதை. பிரசங்கிகள் இட்டுக்கட்டிய அற்புதங்களையும் தீர்க்கதரிசனங்களையும் சொல்லித் திரியக்கூடாது என்று ஐந்தாம் இலாத்தரன் சங்கம் 1516இலேயே ஆணையிட்டது. இன்று ஒரு வட்ஸ்அப் செய்தி சனி இரவு வந்து ஞாயிறு காலை மேடையேறிவிடுகிறது. கற்பனைக் கதையைக் கற்பனை என்று சொல்லியே சொல்லலாம். அந்தோனி டி மெல்லோ அடிகளின் சிறுகதைகள் ஆசியா முழுவதும் அப்படித்தான் பிரசங்கங்களில் பயன்பட்டன. நடக்காததை நடந்ததாகச் சொல்வது வேறு விஷயம். உண்மை என்ன என்று அறிவதற்காகவே வருடக்கணக்கில் காத்திருக்கும் ஒரு சமூகத்தின் முன்னால் அது பெரும் பிழை.

இரண்டாவது, அனுமதியில்லாத கதை. ஒரு தாய் சுவாமியாரிடம் தனியாக மனம்விட்டுச் சொன்னது, அடுத்த ஞாயிறு பெயர் இல்லாமல் உதாரணமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராமத்தில் பெயர் தேவைப்படாது. தறப்பாளின் நிறத்தையும் பிள்ளையின் வயதையும் சொன்னதுமே எல்லாத் தலைகளும் ஒரே வாங்கைப் பார்த்துத் திரும்பும். அவளுடைய மகன் அந்தக் கணத்தில் மூன்று தலைப்புப் பிரசங்கத்தின் இரண்டாம் தலைப்புக்குச் சான்றாகிவிடுகிறான். அவளிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். இல்லையென்றால், நானே வந்து சொல்கிறேன் என்றிருப்பாள். இரண்டும் மதிப்புள்ள பதில்கள்.

மூன்றாவது, அவசரமாக மூடப்படும் கதை. ஷெல் விழுந்த பங்கருக்குள்ளிருந்து ஒருவர் உயிரோடு வந்ததைச் சொல்லி, கடவுள் ஒரு நோக்கத்துக்காக அவரைக் காப்பாற்றினார் என்று முடிப்பது எளிது. அதே பங்கரில் தன் மூன்று பேரை விட்டுவிட்டு வந்தவர் அடுத்த வரிசையில் இருந்து அதைக் கேட்கிறார். அவருடைய மூன்று பேருக்கும் கடவுளிடம் நோக்கம் எதுவும் இருக்கவில்லையா? உவமைகளை முடிக்காமல் விட்ட இயேசுவைப் பின்பற்றுகிறவர்கள், முடியாத கதைகளை முடியாதவையாகவே சொல்லப் பழக வேண்டும். வராத பிள்ளையின் கதைக்குப் பிரசங்கி முடிவு எழுத முடியாது.

நான்காவது ஆபத்தைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்ல வேண்டும். சபை தலையாட்டும் கதைகளை மட்டும் சொல்வது அது. நல்ல சமாரியன் உவமையின் கூர்மையே, கேட்டவர்கள் வெறுத்த இனத்தவனை அதன் நாயகனாக்கியதில் இருக்கிறது. வன்னியில் அந்த இடத்தில் யாரை இருத்துவது? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் முல்லைத்தீவு, கிளிநொச்சி மக்களும் இருந்தார்கள். அவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளைக் கடந்துதான் நாம் பூசைக்குப் போனோம். 2009இல் வலைஞர்மடம் கோயிலில் தஞ்சமடைந்திருந்த இளைஞர்களைப் புலிகள் பலவந்தமாகக் கொண்டுபோனார்கள். அரச படைகளின் ஷெல்லுக்குப் பலியானவர்களின் கதையைச் சொல்லும் அதே உரத்த குரலில் இவற்றையும் சொல்லாதவரை, சமாரியன் கதையை நாம் இன்னும் சொல்லவில்லை என்றே அர்த்தம்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2013இல் எழுதிய ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்ற மடலில் பிரசங்கத்துக்கென்றே நீண்ட பகுதியை ஒதுக்கினார். இறைவார்த்தையைப் போலவே மக்களையும் பிரசங்கி தியானிக்க வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. வன்னியில் அதை நடைமுறையாக்கச் சில வழிகள் உள்ளன. யாழ்ப்பாணம், மன்னார் மறைமாவட்டங்களுக்காகவும் தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளுக்காகவும் பயிலும் குருமாணவர்கள், மேடைப் பேச்சுக்குப் பயிற்சி பெறும் அதே அளவுக்குக் கேட்பதற்கும் பயிற்சி பெற வேண்டும். ஒரு முழு மாரியை ஒரு கமக்காரக் குடும்பத்தோடும், ஒரு வாடைக்காலத்தைக் கரைவலைக்காரரோடும் கழித்த பிறகு அவர்கள் முதல் பிரசங்கத்தை வைக்கட்டும். மலையகத்திலிருந்து 1958, 1977 கலவரங்களுக்குப் பின்னர் அடிபட்டு வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் கதைகள் நம் மேடைகளில் மிக அரிதாகவே கேட்கின்றன. அவர்களிடமும் போக வேண்டும்.

ஒப்லேட்டு மிசனரிகள் தங்கள் மிசன்களில் நடந்தவற்றை எழுதிவைக்க ஓர் ஏடு வைத்திருந்தார்கள். அந்த வழக்கத்தைப் பங்குதோறும் மீட்டு, மக்கள் தாமாகச் சொல்ல விரும்புவதை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிய வேண்டும். எதை மேடையில் சொல்லலாம், எதை இன்னும் இருபது வருடம் மூடி வைக்க வேண்டும் என்பதைச் சொன்னவரே தீர்மானிக்கட்டும். தவக்காலத்தின் ஒரு வெள்ளியையாவது பிரசங்கம் இல்லாத புலம்பலுக்கு விடலாம். மே மாதத்தில் உப்புக்கஞ்சி பரிமாறி முள்ளிவாய்க்காலை நினைவுகூரும் வழக்கத்தை மக்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். ஓர் அடிமை வாழ்வையும் விடுதலையையும் பிள்ளைகளுக்கு உணவோடு சேர்த்துச் சொல்லும் பாஸ்கா விருந்தின் இயல்பு அதில் இருக்கிறது. திருச்சபை அதற்கு விளக்கம் எழுத வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்து குடித்தால் போதும்.

இவை எதற்கும் பெரிய செலவில்லை. காலம்தான் இல்லை. 2009இல் அறுபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. அன்று பங்கருக்குள் பிறந்த பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் வயதை எட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரின் கதை நேரில் கண்டவரின் வாயிலிருந்து கிடைக்க வேண்டும். அது கிடைக்கும் கடைசி இடங்களுள் ஒன்றாகக் கோயில் இருக்க முடியும். ஆகவே ஏட்டைத் திறக்கும் வேலையை வன்னியின் ஒவ்வொரு பங்கும் இந்த ஆண்டே, ஊரில் மிக வயதான ஒருவரின் வீட்டிலிருந்து, தொடங்க வேண்டும்.